மார்பளவு நீரில் நடந்த கோமதி விலாஸ் போர்

வாழ்க நாகம்மாள்! வாழ்க அவள் வாய்! முன்பற்கள் இரண்டும் விடைபெற்றுப் போன வாசல்வழியே விமரிசனம் வெள்ளமெனப் புறப்பட்டு, எதிர்ப்பட்ட கதாநாயகர், கதாநாயகியர், வில்லியர், வசனம் எழுதினோர், வளையல் வாங்கித் தந்தோர் அத்தனை பேரையும் அடித்துச் சுருட்டிக்கொண்டு முகத்துவாரம் வழியே வங்கக்கடலில் கொண்டுபோய்த் தள்ளும் அந்தத் திருவாய் வாழ்க! அவள் நிற்கும் பழவேற்காட்டு ஏரி வாழ்க. ஏரியடியில் சேறு வாழ்க. சேற்றுக்குள் மீசை முறுக்கிப் பதுங்கியிருக்கும் இறாலும், பிடிபடும் மட்டும், வாழ்க! கூரைதோறும் குடையை மல்லாத்தி வைத்தாற்போல் வானை நோக்கி வாய்பிளந்து நிற்கும் டிஷ் ஆண்டெனாக்களே, நீவிரே எமக்குக் காப்பு. சாரலுக்கே உறைந்து, காற்றுக்கே கட்டம் கட்டமாய்ச் சிதறும் நீவிர், யாம் இக்கதை சொல்லி முடிக்கும் மட்டுமாவது திசை பிசகாமல் நின்று அருள்க.

தேரும் யானையும் வைத்துப் போர் பாடியவர்கள் பாடிவிட்டுப் போகட்டும். நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. நம் கையில் இருப்பது ஓர் ஏரி, சில ஓலைக்கூடைகள், ஒரு மாமியார், ஒரு மருமகள், ஏழரை மணிக்கு ஒரே நேரத்தில் ஒளிபரப்பாகும் இரண்டு சீரியல்கள். ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. மற்றவர்கள் சற்று நெருங்கி உட்காருங்கள்.

அறியாதார்க்கு முதலில் பறியின் பெருமை சொல்ல வேண்டும். இந்த ஏரிக்கரையில் வலையும் படகும் உடையோர் ஒருபுறம். கையே வலையாய், காலே படகாய்ப் பிழைப்போர் மறுபுறம். நாகம்மாளின் கூட்டம் இரண்டாவது. காலைப்பொழுதில் இம்மகளிர் அணியணியாய் நீரில் இறங்கி, மார்பளவு ஆழத்தில் குனிந்து, இருகையாலும் சேற்றைத் துழாவி, விரலில் இடறிய இறாலை விரலாலேயே வென்று கைப்பற்றுவர். கைப்பற்றியதைப் போட்டு வைக்கப் பனையோலையில் முடைந்த பறி என்னும் சிறுகூடை உண்டு. இரண்டு கையும் சேற்றுக்கடியில் போர்புரிந்து கொண்டிருக்க, பறியை யார் பிடிப்பது? பல் பிடிக்கும். பறியின் கயிற்றைப் பல்லால் கவ்வினால், கரையேறும் வரை கவ்வியது கவ்வியதுதான். வாயைத் திறந்தால் பறி போகும். பறி போனால் அன்றைய பிழைப்பும் கூடவே போகும்.

இப்போது விளங்குகிறதா? உலகில் எந்த விமரிசகருக்கும் வாய்க்காத பேரவை அது. காதுகள் அத்தனையும் திறந்திருக்கும், வாய்கள் அத்தனையும் அடைத்திருக்கும். அந்த அவையில்தான் நாகம்மாள் பல வருஷமாகப் பேசி வந்தாள்.

அவள் மட்டும் எப்படிப் பேசினாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். படகுத்துறையின் பாசிபிடித்த படியில் முன்னொருநாள் அவள் வழுக்கி விழுந்தாள், விழுந்தவள் எழுந்தாள், முன்பற்கள் இரண்டும் எழவில்லை. ஊரே உச்சுக்கொட்டியது. அவளோ கயிற்றைக் கவ்வப் பல்லின்றி, பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினாள். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சுற்றிலும் வாயடைத்த மாந்தர், நடுவில் திறந்த வாய் தன்னுடையது ஒன்றே என்று. முந்தின நாள் பார்த்த சீரியலைப் பற்றி லேசாகத் தொடங்கினாள். அதன்பின் அவள் நிறுத்தவேயில்லை.

ஆகா, அந்தத் தீர்ப்புகள்! புத்தம்புதுத் தொடரொன்றில் போலீஸ் வேலை பார்க்கும் மருமகள் தோன்றியபோது, நாகம்மாள் நீரின்மேல் எழுந்து நின்று இங்ஙனம் முழங்கினாள்:

“கேளுங்கமே! அந்தப் போலீஸ்காரி கதை வேணாம். துப்பாக்கிய இடுப்புல சொருவிகினு தோசை ஊத்துறா. அடுப்பாண்ட வெடிச்சா இன்னா ஆவுறது? எனக்குப் பாக்கவே ஒதறலா கீது!”

‘ம்ம்’ என்றது பறிகவ்வுப் படை. அன்று மாலையே அத்தெருவில் ஒரு வீட்டிலும் அந்தப் போலீஸ்காரி நுழையவில்லை.

பழைய குடும்பத் தொடரொன்று நாயகனை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பி வந்தபோது எழுந்த தீர்ப்போ இன்னும் கொடியது:

“அவருக்குப் பதில் இவருன்னு கீழ எழுதிப் போட்டுட்டா ஆச்சா? எழுத்து நம்ம படிக்கிறோம், சரி. அந்தப் பொண்டாட்டி படிச்சாளா? வூட்டுக்குள்ள வேற ஆம்பள வந்து நிக்கிறான், அவ பாட்டுக்கு காப்பி குடுக்குறா! த்தூ!”

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் மாமியார்களை அவள் மன்னித்ததே இல்லை. “நம்ம வூட்ல பேசுனா ஏரிக்கு அந்தாண்ட கேக்குது, இவுளுக்குக் கதவாண்ட போய் நிக்கணுமாம்” என்பாள். கன்னத்தில் அறை விழுந்ததும் ஒவ்வொரு முகமாக மும்முறை சுழன்று காட்டும் கேமராவை, “அவன் சுத்தி முடிக்கிறதுக்குள்ள நானு ஒரு பறி இறால் புடிச்சிடுவேன்” என்று தள்ளினாள். எல்லாவற்றையும் திட்டினாள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாயகி அத்தனை அற்பமானவள் அல்லள். ஒரு வில்லியைப் பற்றி அவள் சொன்னது இன்றும் கரையில் பேசப்படுகிறது: “அவ அழுவும்போது ஒரு கண்ணுதான் அழுவுது. இன்னொரு கண்ணு வேவு பாக்குது. அதுதான்மே நடிப்பு.” அப்படிப் புகழப்பட்ட தொடர் முடியும் வரை தெருவே அதைத்தான் பார்த்தது.

நீரில் இப்படி. நிலத்திலோ? கரையேறி வீட்டுக்குள் கால் வைத்தால், செங்கோல் நழுவி விளக்குமாறு கைக்கு வரும். அவள் வாய் திறக்கும் முன்பே கணவன் நாகப்பன் ‘சரி சரி’ என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடையைக் கட்டுவான். ‘எது சரி’ என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மகன் லோகேஷ் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை முடிந்து திரும்பும்போதே காதிரண்டையும் இயர்போனால் அடைத்துக்கொண்டுதான் வருவான். அவளுக்கு அது வலித்தது. வீராங்கனைக்கு வலிக்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், வலித்தது, சொல்கிறேன். தான் சொல்வதைக் கேட்க உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த மார்பளவு நீர் ஒன்றுதான். அதுவும் போனால் அவள் பேச்சு விழ ஒரு காது மிஞ்சாது. இந்தப் போரில் பணயம் வைக்கப்பட்டது அதுவே.

இனிப் போரின் காரணம் கேளீர். ‘கோமதி விலாஸ்’ என்றொரு தொடர் முன்பு வந்து, ஊரை அழவைத்து, முடிந்து போயிருந்தது. முடிவில் கோமதி காரோடு மலைச்சரிவில் உருண்டாள், கார் பற்றி எரிந்தது, திரை இருண்டது. மறுநாள் ஏரிக்குள் நாகம்மாள் ஆற்றிய இரங்கலுரை அவளது வாழ்நாளின் உச்சம். “செத்தா ஒழுங்கா செத்தா. இழுக்கல, பொழைக்கல, ஆஸ்பத்திரில கண்ண தொறக்கல. கதைன்னா இப்டி முடிக்கணும். செத்தவ செத்தவதான்” என்றாள். அவையோர் கண் கலங்கினர். கையிரண்டும் சேற்றில் இருந்தபடியால் துடைக்க வழியின்றி, கண்ணீர் நேரே ஏரியில் விழுந்தது.

அப்பேர்ப்பட்ட கோமதி விலாஸ், வெட்கமில்லாமல், இரண்டாம் பாகம் என்று திரும்பி வரத் தயாரானது! விளம்பரத்தில் வளையலணிந்த ஒரு கை மட்டும் கதவைத் தட்டியது. தட்டிய கை யாருடையது? அதே ஏழரை மணிக்கு வேறொரு சேனலில் ‘சீதனப் புடவை’ என்ற புதுத்தொடரும் தொடங்கவிருந்தது. எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஏரிக்கரை மகளிர் கேள்விக்குறியை நெற்றியில் ஏந்தி நாகம்மாளைப் பார்த்தனர். நாகம்மாளோ அந்த வளையலைக் கண்டாலே சேனலை மாற்றிக்கொண்டிருந்தாள். கோமதி உயிரோடு வந்துவிட்டால் தன் இரங்கலுரை என்னாவது?

இவ்விடத்தில்தான் விதி புகுந்தது. அது மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து மருமகள் வடிவில் வந்தது.

ஆர்த்தி, லோகேஷைக் கைப்பிடித்து வந்தவள். அதுவரை தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். இரண்டு தொடர்களும் தொடங்கவிருந்த அன்றுதான் ஏரியில் இறங்க அவளுக்கு முதல்நாள். கரையில் நின்ற மருமகளை நாகம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். வெண்மையும் வரிசையும் பிசகாத அந்தப் பல்லழகைப் பார்த்தாள். இந்தப் பல்லிலா கவுச்சி நாறும் கயிற்றைக் கவ்வக் கொடுப்பது? மனம் கேட்கவில்லை. “பல்லு வீணாப் பூடும், வேணாம், இந்தா” என்று சொல்லி, ஆர்த்தியின் இடுப்பில் பறியைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினாள். அந்தோ, நாகம்மாளே! பல்லைக் காப்பாற்றினாய், அதற்குப் பின்னால் ஒரு நாக்கும் இருக்கிறதே, அதை மறந்துவிட்டாய். தன் எதிரிக்குத் தானே ஆயுதம் எடுத்துக் கொடுத்த வீரர் வரிசையில் அவளும் சேர்ந்தாள்.

நீர் சலனமற்று இருந்தது. பறிகவ்வு மகளிர் தத்தம் இடம் பிடித்துக் குனிந்தனர். நடுநாயகமாக நின்று, தொண்டையைச் செருமி, கையில் அகப்பட்ட நண்டொன்றைத் தள்ளி எறிந்து, நாகம்மாள் பிரகடனம் செய்தாள்:

“எல்லாரும் கேட்டுக்கங்க! இன்னிக்கு ராத்திரி சீதனப் புடவைதான். கோமதி விலாஸ் பக்கம் யாரும் தலை வெச்சிப் படுக்கக் கூடாது. செத்தவள எழுப்பிக் கூட்டியார்றது பேஜார் புடிச்ச வேலை. அப்டி அவ வந்தாலும் அது கோமதி கெடியாது, வேற எவளோ!”

‘ம்ம்’ என்ற ஒலி எழுந்தது. வழக்கமாக அவ்வொலியோடு தீர்ப்பு முத்திரையாகிவிடும். அன்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு குரல் எழுந்தது.

“இல்லத்த. கோமதிதான்.”

கேட்டீர்களா! அந்த ஏரியில் அதுவரை மறுப்பு என்ற ஒன்று ஒலித்ததில்லை. தூரத்துத் திட்டில் ஒற்றைக் காலில் நின்ற பூநாரை மறுகாலையும் ஊன்றி எட்டிப் பார்த்தது என்றால் நம்ப மாட்டீர்கள், நம்பாவிட்டால் போங்கள். நாகம்மாள் மெல்லத் திரும்பினாள். பேசியவள் இடுப்பில் பறியோடும், வாயில் கயிறில்லாமலும் நிற்பதைக் கண்டாள். தான் போட்ட முடிச்சு அவள் இடுப்பிலிருந்து தன்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

“இன்னாடி சொன்ன?”

“நானு காலைலயே போன்ல பாத்துட்டேன் அத்த. ஆப்புல மொதல்லயே வந்துடும். கோமதி சாவல. கதவத் தட்டுறது அவதான்.”

அடுக்குமா இது? ஊருக்கு மாலையில் உதிக்கும் கதையை மருமகள் விடியலிலேயே பார்த்து முடித்திருக்கிறாள்! எதிரி கோட்டைக்குள் நுழைந்து, சமையலறைவரை போய், குழம்பில் உப்புப் பார்த்துவிட்டு வந்து நிற்கிறாள். வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே மூழ்கி மறைந்திருப்பாள். நாகம்மாள் மூழ்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்கொண்டாள்.

“கார் பத்தி எரிஞ்சிது. நானு என் கண்ணால பாத்தேன். உள்ள இருந்தது பேயா?”

“கோமதி பொடவையக் கட்டிகினு அவுங்க வூட்டு வேலக்காரி உக்காந்துகினு இருந்தாளாம். செத்தது அவ.”

“ஓகோ. அப்ப அந்த வேலக்காரிக்கு யாருடி அழுதாங்க? அவளுக்குப் புள்ளகுட்டி இல்ல? அவ வூட்ல யாரும் தேடல? கோமதி வந்துட்டான்னு கூத்தாடுறாங்களே, அந்தப் பொம்பள எரிஞ்சிது உங்களுக்குக் கதையே இல்லியா?”

ஆகா! அந்த அம்பு போய்த் தைத்த வேகத்தைப் பாட எனக்கு இன்னொரு நாக்கு வேண்டும். ‘ம்ம்ம்ம்!’ என்று அவை முழுக்க அதிர்ந்தது. பறிகள் நீரின்மேல் குலுங்கின.  உண்மையைச் சொன்னால், ஆர்த்திக்கும் அந்த வேலைக்காரியின் நினைவு அதுவரை வரவில்லை. அத்தை சொன்னதில் நியாயம் இருப்பது அவளுக்கு உறைத்தது, உறைத்ததால் இன்னும் கோபம் வந்தது.

வந்த கோபத்தில் அவள் கணை தொடுத்தாள். “சரித்த. சீதனப் புடவை நல்லா கீதுன்றியே, அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே. பாக்காத கதைய எப்டி நல்லா கீதுன்ற?”

விமரிசகர் குலத்தின் உயிர்நிலையில் விழுந்த அடி அது. உலகெங்கும் அக்கேள்வி கேட்கப்பட்டால் எத்தனை பேனாக்கள் மூடிக்கொள்ளும்! நாகம்மாள் ஒரு கணம் தள்ளாடினாள், மறுகணம் சீறினாள்:

“மீனு வாங்கறவ துண்ணு பாத்தா வாங்குறா? செவுளப் பாத்தா தெரியாது? விளம்பரம்தான்டி சீரியலுக்குச் செவுளு!”

இவ்வண்ணம் மாமியாரும் மருமகளும் சொல்லோடு சொல் மோதி, நீர் நுரைக்க, சேறு கலங்க, ஒருவரை ஒருவர் நெருங்கியும் விலகியும் பொருதுகொண்டிருக்க, சுற்றி நின்றோர் நிலைமை என்னவென்று யாராவது எண்ணினீர்களா? பல வருஷமாகப் பல்லிடுக்கில் கயிறும் நெஞ்சுக்குள் கருத்துமாக நின்றவர்கள் அவர்கள். அடக்கினார்கள், அடங்கவில்லை. பக்கத்து வீட்டு நிவேதாதான் முதலில் உடைந்தாள். கவ்விய கயிற்றை ‘தூ’ என்று துப்பினாள்.

“அத்த! அந்தப் புருஷன் மாறுன கதை எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துது! புது ஆளு எவ்ளோ ஷோக்கா கீறான்! நீ வேணாம்னியேன்னு வுட்டுட்டேன், இன்னிக்கு வரைக்கும் மனசு கேக்கல!”

அவ்வளவுதான், அணை உடைந்தது. தெருக்கோடி வீட்டுச் சடையன் மனைவி தன் பறியைத் துப்பிவிட்டு, தலையை நிமிர்த்தி, குற்றத்தை ஒப்புக்கொண்டாள்: “நானு அந்தப் போலீஸ்காரிய திருட்டுத்தனமா பாத்துகினுதான் கீறேன்! ஒரு நாளும் வுட்டதில்ல! துப்பாக்கி வெடிக்கவே இல்ல!” ஒருத்தி ஒட்டுக்கேட்கும் மாமியாரை ஆதரித்தாள், ஒருத்தி சீரியலே வேண்டாம், சமையல் நிகழ்ச்சிதான் வேண்டும் என்றாள், ஒருத்தி என்ன சொன்னாள் என்பது அவளுக்கே கேட்கவில்லை. பறிகள் பாய்மரம் இழந்த கப்பல்களாய்த் திசைக்கொன்றாய் மிதந்தன. அவற்றுள் சிறையிருந்த இறால்கள் ஒவ்வொன்றாய் வால் தட்டி, மீசை சிலுப்பி, விடுதலை நீரில் பாய்ந்து மறைந்தன. அன்றைக்குப் போரில் முழு வெற்றி கண்டோர் அவைதாம்.

நாகம்மாள் அந்தக் கூச்சலின் நடுவே தனியே நின்றாள். இத்தனை காலம் ‘ம்ம்’ என்றார்களே, அது ஆமோதிப்பு என்றல்லவா நினைத்தாள்! வாயில் கயிறு இருந்ததால் வேறு சொல்ல முடியாமல் சொன்னதா அத்தனையும்?  தன் பேரவை என்று எண்ணியது பேரவை அல்ல, வெறும் வாயடைப்பு என்று தெரிந்துபோன நேரம் அது. அத்தனை துக்கமும் அவளுக்கு ஆர்த்தியின் மேல் திரும்பியது.

“ஏண்டி, எல்லாம் உன்னாலதான்! செத்தவ திரும்பி வர்றா, திரும்பி வர்றான்னு குதிக்கிறியே. அதுல அப்டி இன்னாதான்டி கீது? அறிவா ஒரு பதில் சொல்லு பாப்போம்!”

 ஆர்த்தி சொன்னாள், சண்டைக்குரல் இல்லாமல்:

“எங்கம்மா செத்தப்ப நானு டூட்டில இருந்தேன். நைனா போன் பண்ணாரு. அவுங்க திரும்பி வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும் அத்த. காலைல போன்ல பாக்கும்போது கோமதி வந்து கதவத் தட்டுறா, உள்ள இருந்து அவ பொண்ணு யாருன்னு கேக்குது. எனக்கு அழுகையா வந்துடிச்சி. அவ்ளோதான். அறிவெல்லாம் ஒண்ணுமில்ல.”

 பெண்கள் கத்துவதை நிறுத்தினார்கள்.  நாகம்மாள் கையை நீட்டி ஆர்த்தியின் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்கப் போனாள். தன் கையிலும் சேறு இருந்ததால் அது இன்னும் பெரிதாக அப்பிக்கொண்டது.

அவ்வமயம் கரையிலிருந்து ஒரு முழக்கம் கேட்டது. இறால் வாங்கும் மஸூதா, பழவேற்காட்டு டவுனிலிருந்து ஸ்கூட்டியில் தெர்மாகோல் பெட்டியோடு வந்து வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா அங்க, மாநாடா நடக்குது? என் ஐஸெல்லாம் கரஞ்சி தண்ணியாப் போவுது! சரக்கு எங்க?”

தோற்ற படையும் வென்ற படையும் ஒன்றாய்க் கரையேறின. பெட்டியில் விழுந்த சரக்கு அதன் அடியில் ஒரு கை அகலத்தைக்கூட மூடவில்லை. மஸூதா இடுப்பில் கைவைத்து, வானத்தைப் பார்த்து, உருதுவில் கொஞ்சமும் தமிழில் நிறையவும் திட்டத் தொடங்கினாள். இடையில் நிவேதா காரணத்தைச் சொன்னாள். மஸூதாவின் வசை பாதியில் நின்றது.

“யா அல்லா! கோமதி உசுரோடயா கீறா?” என்றாள். அதன்பின் ஐஸ் எவ்வளவு கரைந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை. போகும்போது, “வேலக்காரி வெசயம் நாகம்மா சொல்றது கரெக்டுதான்” என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

அந்த ஒரு வார்த்தை ஆறுதலாகவில்லை. அன்று பகல் முழுக்க நாகம்மாள் யாரோடும் பேசவில்லை. அரிசி களைந்தாள், துணி அலசினாள், மனத்துக்குள் சபதம் பூண்டாள். இனி விமரிசனம் என்ற சொல்லை நாவால் தீண்டேன். எந்தக் கோமதி எங்கே செத்தால் என்ன, எவள் எந்தப் புடவையைக் கட்டினால் என்ன. பல் போனபோதே வாயும் போயிருந்தால் இந்த அவமானம் ஏது என்று எண்ணியெண்ணி உதட்டை இறுக்கிக்கொண்டாள். நாளைக்கு ஏரிக்குள் எந்த முகத்தோடு இறங்குவது? எல்லோரும் இடுப்பில் பறி கட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். நடுவில் தான் என்ன செய்வாள்? அவளுக்கு அழுகைகூட வரவில்லை, வெறுமையாக இருந்தது.

ஏழரை மணியும் வந்தது. நாகப்பன் அன்று டீக்கடைக்குப் போகச் சோம்பல்பட்டுப் பாயில் சாய்ந்திருந்தான். லோகேஷ் சுவரோரமாகத் தன் போனில் ஏதோ துப்பாக்கிச் சண்டையில் மூழ்கியிருந்தான். ஆர்த்தி ரிமோட்டை எடுத்து, அத்தையின் முகத்தை ஒருமுறை பார்த்து, கோமதி விலாஸ் வைத்தாள். நாகம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

கதவு தட்டப்பட்டது. முரசு அதிர்ந்தது, வயலின் விம்மியது, கேமரா ஒவ்வொரு முகமாக மும்முறை சுழன்றது. உள்ளிருந்து சிறுமியின் குரல் ‘யாரு?’ என்றது. ஆர்த்தி, ஏற்கெனவே பார்த்தவள்தான், மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். அதைக் கேட்டு நாகம்மாள் தன் நாக்கைப் பல்லில்லாத இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கட்டம் முடியும்வரை, சபதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சொல் சொல்ல மாட்டாள். கதவு திறந்தது. தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தார்கள். விளம்பரங்கள் வந்து போயின. கோமதி கூடத்தில் வந்து நின்றாள்.

நின்றவளின் கூந்தலை நாகம்மாள் கண்டாள். ஐயகோ, என் சொல்வேன்! மலையுச்சியிலிருந்து தப்பி, காடு கடந்து, ஆறு கடந்து, ஒரு பாகம் முடிந்து மறுபாகம் தொடங்கும் வரை தலைமறைவாய் அலைந்து திரிந்து வந்தவளின் கூந்தலில், அன்று காலையில் பறித்துத் தொடுத்தாற்போல், ஓரிதழும் வாடாமல், ஒரு மொட்டும் உதிராமல், முழம் முழமாய் மல்லிகைப்பூ மணம் வீசிக்கொண்டிருந்தது! அதைக் கண்டதும், நம் வீராங்கனையின் அடிவயிற்றில் ஓர் அனல் பிறந்து, நெஞ்சேறி, தொண்டை ஏறி, பூண்ட சபதத்தை உள்ளிருந்து முட்டி, மோதி, கரையுடைக்கும் வெள்ளம்போல் புரண்டெழுந்து, இறுக்கிய உதட்டைப் பிளந்து, முன்பற்கள் இல்லாத அந்தப் பெருவாசல் வழியே புறப்பட்டே விட்டது:

“அந்தப் பூவப் பாத்தியாடி!”

“ஆரம்பிச்சிட்டா” என்று நாகப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். லோகேஷின் காதுகள் வழக்கம்போல் அடைத்திருந்தன. நாகம்மாளின் குரல் பாதியில் தேய்ந்தது. நீட்டிய விரல் தாழ்ந்தது. பேரவை இழந்து, படை இழந்து, ஏரி இழந்து, ஈரேழு உலகத்திலும் ஒரு செவி தனக்கில்லை என்று அந்தத் திருவாய் மெல்ல மூடப்போன அந்தப் பொல்லாத கணத்தில்,

ஆர்த்தி ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தாள்.